மூக்கின் மேல் ஒரு வழுக்கை

பதிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிறுத்தையின் முகத்தருகே குனிந்தபோது, படத்தை வரைந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபத்தில் மாட்டியிருந்த அத்தனை படங்களையும் விட்டுவிட்டு அந்த அம்மாள் மறுபடியும் இதன் முன்னால்தான் வந்து நிற்கிறார். காட்டு விலங்குகளைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்துக்கு அவர் ஓவியர் தேடுகிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் கிடைத்துவிட்டால், பிஸ்கட் டப்பாக்களுக்குப் பூனைக்குட்டி வரைந்து தள்ளும் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

கண்காட்சிக்கு ஒரே ஒரு விதி. காட்டில் தானாகத் திரியும் விலங்கை நேரில் பார்த்து வரைந்திருக்க வேண்டும். இவளோ காட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வாராவாரம் அப்பாவோடு பஸ் ஏறி மிருகக்காட்சிசாலைக்குப் போய், கூண்டுச் சிறுத்தையைக் கேமராவில் பிடித்துவந்து, வீட்டில் உட்கார்ந்து முடி முடியாக வரைந்தவள். கம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாறையும் புல்லும் வைத்தாள். படத்தின் கீழே ஒட்டும் சீட்டில் 'காட்டோரம், விடியற்காலை' என்று எழுதும்போது கை கூசத்தான் செய்தது. ஊரில் எவன்தான் இப்படிப் பொய் எழுதவில்லை என்று கையைச் சமாதானப்படுத்தினாள்.

"மூக்குக்கு மேல இந்த எடத்துல முடியே இல்லியேம்மா. இத யாரும் கற்பனையில போட முடியாது. எப்படி ஆச்சு?" என்றார் பதிப்பாளர்.

அவளுக்குத் தெரியாது. புகைப்படத்தில் இருந்தது, வரைந்தாள், அவ்வளவுதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சண்டைல ஆனதுங்க. இன்னொரு சிறுத்தையோட."

பதிப்பாளர் அவளருகே நின்ற அப்பாவின் பக்கம் திரும்பி, நீங்களும் கூடப் போயிருந்தீர்களா என்று விசாரித்தார். அப்பா வாயில் பொய் வராது. பழைய ஸ்கூட்டரை விற்கும்போது, கேட்காமலே அதன் கோளாறையெல்லாம் வரிசையாகச் சொல்லி, வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள்.

அப்பா மடித்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"போயிருந்தேங்க. பெரிய சண்டை."

பதிப்பாளருக்கு ஒரே சந்தோஷம். புத்தகம் எழுதுகிறவரும் வந்திருக்கிறார், சிறுத்தைகளோடு பாதி ஆயுளைக் காட்டில் கழித்தவர், இதை அவர் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கூட்டத்துக்குள் போனார்.

அவளால் அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவரே மெதுவாகப் பேசினார்.

"நீ பாக்கலியாம்மா? அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருக்கும். திரும்புறப்பல்லாம் ஒரே கம்பில மூக்கத் தேய்க்கும். அதுல போன முடி அது."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கூண்டுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஜீவனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவள் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மீசை முடி விடாமல் வரைகிறவள் என்று பேர் வாங்கியவள். அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. காதுமடல் வரைக்கும் சுட்டது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். 'பெரிய சண்டை' என்று அப்பா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் சுத்தமாக வைத்திருந்த வாயை ஒரு பிஸ்கட் டப்பாக்காரிக்காக அழுக்காக்கிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பதிப்பாளர் வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு நெட்டை மனிதர், சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தபடி.

"அப்பா, நான் சொல்லிடறேன்பா."

காதில் விழுந்ததோ என்னவோ. அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்து, படத்துக்கு முதுகைக் காட்டி, பையை அணைத்தபடி, கூன் விழுந்த உடம்பை முடிந்தமட்டும் நிமிர்த்தி நின்றார். சிறுத்தையின் மூக்கு அவர் தலைக்குப் பின்னால் மறைந்துபோனது. நரைத்த தலையின் இரண்டு பக்கமும் அதன் மஞ்சள் கண்கள் மட்டும் தெரிந்தன.