இரண்டாம் முறை அரைத்த காப்பி

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, வெலிமிர் ஒரு தடவை காப்பிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். சமையலறைத் திரை எரிந்தது. மனைவி மிலுங்கா அப்போது பேக்கரி வேலையில் இருந்தாள். அவள் தினமும் விடியுமுன் கிளம்பினால் மத்தியானம்தான் வருவாள்.

வியன்னாவிலிருந்து மகள் கோர்தானா பறந்து வந்தாள். வரும்போதே ஒரு கண்ணாடிக் குடுவையும் மின்சாரக் கெட்டிலும் அதற்கென்று அரைத்த காப்பித்தூள் பொட்டலமும் கொண்டுவந்தாள். குடுவையில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, சல்லடை மாட்டிய கம்பியை மெல்ல அமுக்கவேண்டும். அடுப்பே வேண்டாம்.

"அடுத்த மாசம் வருவேன் அப்பா. என் கண்ணு முன்னால ஒரு காப்பி போட்டுக் குடுங்க. முடிஞ்சா வீட்லயே இருங்க. இல்லன்னா முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன்."

வெலிமிர் இடது கையால் பழகினார். முதலில் மேசையெல்லாம் தூள். பிறகு வசப்பட்டது. மிலுங்கா வேலைவிட்டு வந்தால் ஆறிப்போன கோப்பை ஒன்று அவளுக்காக மூடியிருக்கும்.

"இது காப்பியாய்யா? வண்டி கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்பாள்.

"குடி கெழவி. ஒத்தக் கைக்காரன் போட்டது இப்படித்தான் இருக்கும்."

மகள் வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மிலுங்கா அந்த வியன்னா பொட்டலத்தைத் திறந்து பார்த்தாள். ரவையைவிடப் பெரிய பருக்கைகள். கடைக்காரன் பாதி அரைத்து ஏமாற்றி விற்றிருக்கிறான் என்றே நினைத்தாள். வந்தவர்களுக்கு யாராவது இப்படிக் காப்பி கொடுப்பார்களா? தடதடவென்று காப்பி அரைக்கும் பித்தளைக் கை மில்லை எடுத்தாள். முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டிக் காப்பிக்கு எப்போதும் அரைப்பதுபோல, விரலில் தொட்டால் ஒட்டும் மாவாகும்வரை சுற்றினாள். அவருக்கு நல்ல பேர் வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் கோர்தானா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தாள். வெலிமிர் சுத்தமாகச் சவரம் செய்திருந்தார். தூள் போட்டார். ஒரு சொட்டு சிந்தாமல் வெந்நீர் ஊற்றினார். பொறுத்தார். மிலுங்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கம்பியை அமுக்கினார். இறங்கவில்லை.

"என்னமோ பிடிக்குது" என்றார்.

"விடுங்கப்பா, நான் பாக்கறேன்."

"நீ உட்காரு. எனக்குத் தெரியும்."

எழுந்து நின்று உடம்பின் பாரத்தையெல்லாம் இடது கையில் போட்டார். சல்லடை கோணியது. கொதிக்கும் சேறு பீறிட்டு அந்தக் கை முழுவதும் அப்பியது. குடுவை தரையில் விழுந்து நொறுங்கியது. அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கோர்தானா பெட்டியை இறக்கி அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்தாள். அழுதுகொண்டேதான் மடித்தாள்.

மிலுங்கா தரையைத் துடைத்தபோது சல்லடை கைக்கு வந்தது. ஓட்டைகளே தெரியாமல் களிமண்போல் மாவு அடைத்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வெலிமிர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான்தான் அரைச்சேன். திரும்பவும் அரைச்சேன்."

"தெரியும். ஊத்தும்போதே வாசனை சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா அமுக்கினே? பாவி மனுசா!"

"இறங்கிடும்னு நெனச்சேன்."

"இப்பவே அவகிட்ட சொல்றேன்."

"சொல்லாத. அம்மாவுக்கும் புத்தி போச்சுன்னு உன்னையும் சேத்துக் கொண்டுபோயிடுவா."

"போகட்டும். ஒண்ணா இருப்போம்ல?"

"அங்க ஆம்பளைங்க தனி மாடியாம்."

உள்ளே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. மிலுங்கா எழுந்து பழைய சட்டியில் காப்பி காய்ச்சினாள். நுரையோடு ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, அவர் உதட்டில் வைத்தாள். இரண்டு கைகளும் மடியில் கிடக்க, அவர் வாயைத் திறந்தார்.