காலஞ்சென்றவர்களான

நான் ஒரு பத்திரிகை ஆபீஸ்ல மரண அறிவித்தல் பக்கத்துக்கு ஆள். இருபத்தாறு வருஷமா செத்தவங்களை வரிசையா அடுக்கிக்கிட்டு இருக்கேன். "உனக்கென்னய்யா, உன் வாடிக்கைக்காரங்க யாரும் திரும்பி வந்து சண்டை போட மாட்டாங்க"ன்னு விளம்பரப் பிரிவுல கிண்டல் பண்ணுவானுங்க. அவனுங்களை ஒரே ஒரு நாள் இந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி உட்கார வைக்கணும். செத்தவர் வர மாட்டார், சரி. மாப்பிள்ளைங்க வருவாங்களே! மூத்த மாப்பிள்ளை பேரு ரெண்டாவதா வந்துடுச்சாம், சின்ன மாப்பிள்ளையோட பட்டத்தைப் போடலையாம். மாமனார் போன துக்கத்தைவிட இந்தத் துக்கம்தான் அவங்களுக்குப் பெருசு.

ஆனா அன்னைக்குக் காலையில செத்தவங்களே ஒருத்தங்க வந்துட்டாங்க.

எண்பது வயசு இருக்கும். இஸ்திரி கலையாத புடவை, தோள்ல ஒரு துணிப்பை. நாலா மடிச்ச எங்க பேப்பரைத் தடுப்புக்கு அடியில தள்ளினாங்க. மரண அறிவித்தல் பக்கத்துல ஒரு இடத்துல சிவப்பு மையால வட்டம் போட்டிருந்துச்சு.

"இதை அடிச்சது யாரு?"

"என்னம்மா விஷயம்?"

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

"காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் ஆகியோரின் மகன்னு போட்டிருக்கீங்க. 'களான'. பன்மை. முதல் பேரு என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்துட்டார், வாஸ்தவம். ரெண்டாவது பேரு என்னோடது. நான் உங்க முன்னாடி நிக்கறேன்."

என் வாய் சும்மா இருக்குமா? "ஆயுசு கெட்டிம்மா உங்களுக்கு"ன்னு உளறிட்டேன். அவங்க என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம்தான் எனக்கு உறைச்சது. பெத்தவங்க பேருல அவங்க பேரு இருக்குன்னா, செத்தது அவங்க பிள்ளை.

எங்க வேலையைக் கொஞ்சம் சொன்னாத்தான் புரியும். பெத்தவங்கள்ல ஒருத்தர் போயிருந்தா "காலஞ்சென்ற". ரெண்டு பேரும் போயிருந்தா "காலஞ்சென்றவர்களான". ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவை அடிக்கணும்னு, ரெண்டுக்கும் கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு பட்டன் வச்சிருக்கேன், பக்கத்துப் பக்கத்துல. விரல் ஒரு பட்டன் தள்ளிப் பட்டா ஒரு ஆள் அவுட். அதனாலதான் அவங்க கேட்டதும் என் கண்ணு முதல்ல அந்த ரெண்டு பட்டனுக்குப் போச்சு.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தான். முப்பத்தஞ்சு வயசு, எதுக்கெடுத்தாலும் மெமோ. அவனுக்கு நாங்க வச்ச பேரே மெமோதான். அந்தம்மாவுக்கு நாற்காலி போட்டான், தண்ணி குடுத்தான், மன்னிப்புக் கேட்டான். அப்புறம் என்னை ஓரமாக் கூப்பிட்டு, "அண்ணே, இது மூணாவது" அப்படின்னான்.

அண்ணேன்னு தேன் ஒழுகக் கூப்பிட்டா கத்தி வருதுன்னு அர்த்தம். முதல் தடவை ஒரு பேரனை மகன் வரிசையில சேர்த்துட்டேன். ரெண்டாவது தடவை, செத்த அண்ணன் படத்துக்குப் பதிலா அறிவித்தல் குடுக்க வந்த தம்பியோட படத்தைப் போட்டுட்டேன். ஒத்துக்கறேன், அது ரெண்டும் என் தப்பு. மூணாவது வந்தா இந்தப் பக்கத்துல இருந்து தூக்கி பார்சல் பிரிவுல போடுவேன்னு அப்பவே எழுதிக் குடுத்திருந்தான். பேப்பர் கட்டுக் கட்டி லாரியில ஏத்தற இடம். எனக்கு வயசு அம்பத்தாறு, இடுப்பு அறுபத்தாறு.

"குடுத்தவங்க ஃபார்ம்ல எழுதினதைத்தான் நான் அடிப்பேன். ஃபார்மைப் பார்க்காம என்னைச் சொல்லாதீங்க"ன்னு கத்தினேன்.

அந்தம்மா நாற்காலியில இருந்தபடியே சொன்னாங்க: "அதைத்தான் தம்பி நானும் தெரிஞ்சுக்க வந்திருக்கேன்."

அவங்க தலைமையாசிரியையா இருந்து ஓய்வு பெற்றவங்க. மகன் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணைக் கட்டிக்கப் போறேன்னு வந்து நின்னிருக்கான். இவங்களுக்குப் பிடிக்கல.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னான். அவளைக் கட்டினா நான் செத்துட்டேன்னு வச்சுக்கோன்னு சொன்னேன். கோபத்துல எல்லா அம்மாவும் சொல்றதுதானே? உங்க வீட்ல நீங்க கேட்டதில்லையா?"

கேட்டிருக்கேன். எங்கம்மா இருமல் மருந்து குடிக்கலைன்னாகூட அதைத்தான் சொல்லும்.

"போனவன் போனவன்தான். நானும் தேடிப் போகல. என் வீம்பு எனக்கு. இன்னைக்குப் பேப்பரைப் பிரிச்சா அவன் படம்." அறிவித்தலோட கடைசி வரியை விரலால தொட்டாங்க. "நாலு மணிக்கு எடுக்கறாங்கன்னு போட்டிருக்கு. நான் சொன்னதை அவன் அப்படியே வச்சுக்கிட்டானா இல்லையா, அது தெரியணும் எனக்கு. உங்க கை தப்புன்னா நான் போய் என் பிள்ளை முகத்தைப் பார்ப்பேன். அவன் வீட்ல எழுதிக் குடுத்ததே அப்படித்தான்னா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? செத்தவ எப்படிச் சாவு வீட்டுக்குப் போவா? நான் என் வீட்டுக்கே போயிடுவேன்."

அப்புறம் பேப்பரை என் பக்கம் திருப்பினாங்க. "இங்க பாருங்க. என் பேரு ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு கீழே, அவன் பொண்ணு. பொண்ணுக்கு என் பேரை வச்சவன் என்னைச் செத்தவன்னு சொல்லுவானா? நீங்களே சொல்லுங்க. இது உங்க தப்பாத்தான் இருக்கும்."

செத்தவங்க பேரைத்தானேம்மா வைப்பாங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நல்லவேளை, கடிச்சுக்கிட்டேன்.

"பார்த்துட்டு வரேன்மா"ன்னு கிளம்பினேன். உண்மையைச் சொல்றேன், அவங்களுக்காகப் போகல. எனக்காகப் போனேன். நேத்து வந்த ஃபார்மெல்லாம் மூணாவது மாடியில பிழை திருத்தறவங்க அறையில கட்டாக் கிடக்கும். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி, கட்டைப் பிரிச்சு, ஒவ்வொண்ணாத் தள்ளி, கண்டுபிடிச்சுட்டேன். நீல மை, நிதானமான கையெழுத்து. "தந்தை: உண்டு, இல்லை. தாய்: உண்டு, இல்லை"ன்னு இருக்கிற கட்டத்துல ரெண்டுக்குமே "இல்லை"யில டிக். போதாததுக்குப் பக்கத்துல, "இருவரும் காலமாகிவிட்டனர்"னு வேற எழுதியிருந்துச்சு. கீழே மனைவின்னு கையெழுத்து, போன் நம்பர்.

அப்பாடா! துள்ளிக் குதிக்காததுதான் பாக்கி. வாடா மெமோ, இப்ப எழுதுடா உன் மெமோவைன்னு படியில தடதடன்னு இறங்கினேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல அந்தம்மா ஞாபகம் வந்துச்சு. அங்கேயே படியில உட்கார்ந்துட்டேன்.

ஒருவேளை மருமக வேணும்னே எழுதியிருப்பாளோ? கட்டிக்கக் கூடாதுன்னு சொன்ன மாமியார்தானே, பழி வாங்கியிருக்கலாம். அப்படி இருந்தா நல்லாயிருக்கும்னு நினைச்சேன், பாவி. மகன் தப்பிச்சுடுவான் இல்லையா? ஃபார்ம்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அழுது அழுது தொண்டை கட்டின குரல் எடுத்துச்சு. மருமகதான்.

"பேப்பர் ஆபீஸ்லேர்ந்தும்மா. ஒரு சின்ன சரிபார்ப்பு. உங்க மாமியார்..."

"அவங்க எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாங்களே. ஏன், தப்பா வந்திருக்கா?"

"இல்ல... உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"அவர்தாங்க சொன்னார். வருஷா வருஷம் அவங்க போன நாள்ல அவர் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார். அம்மா பேச்சை எடுத்தாலே கண் கலங்கிடும். பொண்ணுக்கு அவங்க பேருதான் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னார்."

"சரிம்மா"ன்னு வச்சுட்டேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஏன்டா, அம்மா வச்சுக்கோன்னு சொன்னா வச்சுக்கறதா? படின்னு சொன்னப்ப படிச்சியா, சாப்பிடுன்னு சொன்னப்ப சாப்பிட்டியா, இதை மட்டும் ஏன்டா சொன்ன பேச்சுக் கேட்டே? கட்டிக்கிட்டவ கேட்டிருப்பா, உங்கம்மா எங்கேன்னு. ஒரு வார்த்தையில முடிச்சுட்டான். அதுக்கப்புறம் உயிரோட இருக்கிற அம்மாவுக்கு வருஷா வருஷம் பட்டினி கிடக்கறான்! ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே மடையா! இவனைத் திட்டலாம்னா இவன் நாலு மணிக்குப் போறான். அந்தம்மாவைத் திட்டலாம்னா வாய் வரல. திருடனுக்குத் தேள் கொட்டினா கத்த முடியாதும்பாங்க. நான் திருடாமலே கொட்டு வாங்கிட்டு, கத்தவும் முடியாம ரெண்டாவது மாடியில உட்கார்ந்திருந்தேன். கையில இருக்கிற காயிதம் என்னைக் காப்பாத்தும். அதைக் காட்டினா கீழே இருக்கிற அம்மா பிள்ளை முகத்தைப் பார்க்காம வீட்டுக்குப் போயிடும்.

ஃபார்மை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு இறங்கினேன்.

"கிடைச்சுதா?"ன்னான் மெமோ.

"கிடைச்சுது."

"என்ன எழுதியிருக்கு?"

அந்தம்மா துணிப்பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. என் முகத்தைப் பார்க்கல, சட்டைப் பையைத்தான் பார்த்தாங்க.

"காலஞ்சென்றன்னுதான் எழுதியிருக்கு"ன்னேன். "பட்டன் மாறிப்போச்சு. என் தப்புதான்."

"ஃபார்மைக் காட்டுங்க."

"அதான் ஒத்துக்கிட்டேனே, அப்புறம் என்ன காட்டறது? போய் மெமோவை அடி!"

அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா எழுந்துட்டாங்க. அப்பப்பா, என்ன திட்டு! "இருபத்தாறு வருஷமா என்னத்தைக் கிழிச்சீங்க? ஒருமைக்கும் பன்மைக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு இந்த வேலை எதுக்கு? மூணாம் வகுப்புப் பிள்ளை எழுதுமே! ஒரு உசுரோட விளையாடறோம்னு பயம் வேண்டாம்?" கூடம் பூரா திரும்பிப் பார்த்துச்சு. நான் தலையைக் குனிஞ்சு நின்னேன். செய்யாத தப்புக்கு இவ்வளவு திட்டு வாங்கினது எனக்கு இதுதான் முதல் தடவை, எரிச்சல் இல்லைன்னு சொன்னா பொய். ஆனா திட்டத் திட்ட அவங்க முதுகு நிமிர்ந்துக்கிட்டே போச்சு. கடைசியில, "அந்தப் பக்கம் எந்த பஸ் போகும்?"னு என்கிட்டயே கேட்டாங்க. நம்பரைச் சொன்னேன். விடுவிடுன்னு போயிட்டாங்க.

பதினஞ்சு நிமிஷத்துல மெமோ வந்துச்சு. நாளையிலிருந்து பார்சல் பிரிவு. கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மாடிப்படிக்கு அடியில போய் நின்னு, திரும்பவும் அந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பேப்பர் ஆபீஸ்லேர்ந்து மறுபடியும். உங்க மாமியார் உயிரோட இருக்காங்க. பஸ் ஏறிட்டாங்க. முக்கால் மணி நேரத்துல அங்க வந்துடுவாங்க."

"யாருய்யா நீ? சாவு வீட்ல விளையாடறியா?"

மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். வாசல்ல செருப்போட நின்னது, வச்சுக்கோன்னு சொன்னது, சிவப்பு வட்டம், நான் சொன்ன பொய், எல்லாம். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தமும் யாரோ மூக்கைச் சிந்தற சத்தமும் மட்டும் கேட்டுச்சு.

"அவர்கூடச் சேர்ந்து நானும் பட்டினி கிடந்திருக்கேனேய்யா"ன்னாங்க. "இப்ப நான் யாரைப் போய்க் கேக்கறது? வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்காரே!"

"என்னைக் கேளுங்க. என்னைத் திட்டுங்க. அவங்க வந்தா, பேப்பர்காரன் தப்பாப் போட்டுட்டான்னு சொல்லுங்க. நான் ஒத்துக்கிட்டாச்சு."

"இத்தனை வருஷம் ஏன் வந்து பார்க்கலைன்னு கேட்டா?"

"முதல்ல அவங்க வந்து முகத்தைப் பார்க்கட்டும்மா."

அவங்க போனை வைக்கல, கையில பிடிச்சுக்கிட்டே யாரையோ கூப்பிட்டாங்க. மாமியார் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. ஒரு சின்னப் பொண்ணு குரல் என்னம்மான்னுச்சு.

"அப்பா தலைமாட்டுல இருக்கிற நாற்காலியைக் காலி பண்ணச் சொல்லு. உங்க பாட்டி வராங்க."

"எந்தப் பாட்டி?"

"அப்பாவோட அம்மா."

"என்னம்மா சொல்றே, அவங்கதான் செத்துட்டாங்களே?"

நான் போனைக் காதுல அழுத்திக்கிட்டு நின்னேன்.

"இல்லடி. அது பேப்பர்காரன் பண்ணின தப்பு"ன்னாங்க.