ரிமோட்டு சாப்ட்டானா?

அப்பாவின் வாயில் மிச்சமிருந்தவை மூன்று நான்கு வார்த்தைகள்தான். பக்கவாதம் வலது பக்கத்தோடு பேச்சையும் வாரிக்கொண்டு போயிருந்தது. தண்ணி, வலி, வேணாம், அப்புறம் ரிமோட். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பகலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. அப்பா ரிமோட் என்றதும் டிவி ரிமோட்டை எடுத்து அவருடைய இடது கையில் வைப்பாள். அவர் தள்ளிவிடுவார். பாட்டரி போயிருக்கும் என்று மாற்றினாள். பொத்தான் அமுங்கவில்லையோ என்று புதிதாகவே ஒன்று வாங்கி வந்தாள். அதுவும் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. கடைசியில் தானே கையில் வைத்துக்கொண்டு, செய்தி, பாட்டு, சமையல் என்று ஒவ்வொன்றாய் மாற்றி, இதுவாப்பா, இதுவா என்று கேட்பாள். அவர் கண்ணில் நீர் வழியும். உடம்பு போன பிறகும் மனுஷனுக்குப் பிடிவாதம் போகவில்லையே என்று அலுத்துக்கொள்வாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டையும் கடையையும் பார்த்து அவளுக்கு நாக்குத் தள்ளியிருந்தது.

அந்த வீட்டில் இரண்டு ரிமோட் இருந்த கதை அவளுக்கு மறந்தே போயிருந்தது.

தெருவில் முதல் டிவி வந்தது அவர்கள் வீட்டுக்குத்தான். மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, கதவுக்குப் பூட்டு வேறு. கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கத் தெருவே வந்து கூடத்தை அடைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். அப்பா வெல்டர். பட்டறையில் பொறி பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்ணோடு வந்து சாய்வு நாற்காலியில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். மாத்துடா, சத்தத்தைக் குறைடா, வெளிச்சம் கண்ணைக் குத்துது பாரு என்று உத்தரவு மட்டும் வரும். நிறைவேற்றுவது அவள் தம்பி. பெட்டியை ஒட்டியே உட்கார்ந்திருப்பான். குமிழைக் கடக்கென்று திருப்பி, கொஞ்சம்போலப் பின்னால் இழுத்தால்தான் படம் ஆடாமல் நிற்கும். அந்தச் சூட்சுமம் அவன் விரலுக்குத்தான் தெரியும். பாவம், அவன் பார்த்த படமெல்லாம் பக்கவாட்டில் பார்த்ததுதான்.

பிறகு கலர் டிவி வந்தது, ரிமோட்டோடு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதை உருட்டிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "எனக்கு எதுக்கு இது? நான் பெத்த ரிமோட்டு இருக்கே, பாட்டரி செலவுகூட இல்ல." கூடமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தம்பிதான். பேர் ஒட்டிக்கொண்டது.

வளர்ந்த பிறகு அது கசந்தது. லிப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்க் கை நிறையச் சம்பாதிக்கிற ஆளை இன்னும் ரிமோட்டு, ஃபேனைப் போடு என்றால் எவனுக்குத்தான் பிடிக்கும்? கல்யாண வரவேற்பில், பெண்வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அப்பா அப்படியே கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். புது மாமனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாளே பெட்டியைக் கட்டிய தம்பி, பேர் சொல்லிக் கூப்பிடட்டும், அன்றைக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேற்றூருக்குப் போனான். நான் பெத்த பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்றார் அப்பா. இரண்டும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள், இறங்கி வருமா? அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பேரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் வாங்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரிமோட்டு..." என்றார். அவள் பழக்க தோஷத்தில் மேசைப் பக்கம் கையை நீட்டினாள். அவர் எங்கிருந்தோ இன்னொரு வார்த்தையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"சாப்ட்டானா?"

கரண்டி கையிலேயே நின்றது. எந்த ரிமோட் சாப்பிடும்? பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்கிற முதல் கேள்வி அது. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு மனுஷன் பிள்ளையைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறார், நான் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேனே.

சமையலறைக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். நிலைமை சரியில்லை, உன்னையேதான் கேட்கிறார், உடனே கிளம்பு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேர் சொல்லியா கேட்டாரு?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் பொய் வராது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சொல்லி வளர்த்தவரும் அதே அப்பாதான். திக்கித் திணறி, "ரிமோட்டு சாப்ட்டானான்னு கேட்டாருடா" என்றாள். அதைக் கேட்டால் அவன் உருகிவிடுவான் என்று வேறு நினைத்தாள், பைத்தியக்காரி.

"இன்னும் அதேதானா" என்றான். "சரிக்கா. லீவு கேட்டுப் பாக்கறேன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் தலை திரும்பியது. வந்துகொண்டே இருக்கிறான் என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. அதுவும் பொய்யாகிவிட்டால் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் முடியுமுன் அவர் போய்விட்டார்.

தம்பி வந்தபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லீவு கேட்ட அன்றே கிடைத்ததாம். பையைக் கட்டி வைத்துக்கொண்டு கிளம்பாமலே உட்கார்ந்திருந்தானாம். காலியான கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவனாகவே இதைச் சொன்னான். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பேருக்காகவாடா, கேவலம் ஒரு பேருக்காகப் பெத்தவர் முகத்தைப் பார்க்காமல் விட்டாய் என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் அழுது ஓய்ந்த பிறகு அவன் சொன்னான்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாமேக்கா. அவரு பேர் சொல்லியிருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? சொன்ன வார்த்தைய விழுங்கிட்டு வர எனக்கு ஒரு சாக்கு வேணும்ல. நீ குடுப்பேன்னுதான் கேட்டேன்."