டீச்சர் பேசிய இங்கிலீஷ்

காரைக்குடி இஷ்ரத் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை லண்டன் பதிப்பகம் ஒன்று ஏற்றிருந்தது. திருத்தி அனுப்பிய பிரதியைப் படித்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கதையில் தேவகோட்டை டீச்சர் விருந்தாளியிடம், "ஈட் அண்ட் கோ, நோ?" என்பாள். திருத்திய பிரதியில் அந்த டீச்சர் லண்டன் சீமாட்டி போலப் பேசினாள்.

"வெளிநாட்டுக்காரவுகளுக்குப் புரிய வேணாமா?" என்றான் கணவன் பாசில்.

"அவுக எழுதுறத நாம அகராதி வச்சுப் படிக்கலையா? நம்ம இங்கிலீஷ் மட்டும் தப்பாக்கும்!"

வீடியோ அழைப்பில் எடிட்டரிடமும் அதையே கேட்டாள்.

"பிழைகளோடு வெளியிட முடியாது" என்றார் அவர்.

"பிழை இல்லை. நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம்."

ஒப்பந்தத்தை ரத்து செய்தாள். கோபம் அடங்கவில்லை. அதே கோபத்தோடு, ஒரு சொல்லையும் மாற்றக்கூடாதென்று எழுதி, நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினாள்.