கச்சேரிக்கு ஒரு டீ சர்ட்

சென்னையை இசை நகரம் என்று உலகமே ஒப்புக்கொண்ட பிறகும், சுரேந்தருக்கு அது கன்டெய்னர் போய்ச் சேரும் ஊர்தான். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவன் வேறு எப்படி நினைப்பான்? கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மோனிஷாவை இரண்டு தடவை அங்கே கூட்டிப் போயிருக்கிறான். முதல் தடவை துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட சரக்கை விடுவிக்க. இரண்டாவது தடவை அந்தச் சரக்கு ஏன் மாட்டிக்கொண்டது என்று விசாரிக்க. இரண்டு தடவையும் அவள் காரிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாவது தடவைக்கு மோனிஷாவிடம் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. பாடகி வசுமதி மார்கழியில் ஒரு சனிக்கிழமை சென்னையில் பாடப்போகிறார், அதோடு மேடைக்கு முழுக்குப் போடுகிறார் என்று செய்தி வந்திருந்தது. காலேஜில் படிக்கும்போது மோனிஷா பரிசு வாங்கியதெல்லாம் வசுமதியின் பாட்டுகளைப் பாடித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தொண்டைக்கு வேலையில்லை. கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று தைத்து வந்த பீஸ்களைப் புரட்டும்போது முணுமுணுப்பதோடு சரி. ஒரே ஒரு தடவை எதிரில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்க வேண்டும், பாடும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இதை விட்டால் இனி வாய்ப்பே கிடையாது.

"ஏனுங்க, ரெண்டே ரெண்டு டிக்கெட் தானுங்க. போனுலயே போட்டுரலாம். நானே போட்டுறட்டுங்களா?"

"நீ விடு கண்ணு, நான் பாத்துக்கறேன்," என்றான் சுரேந்தர்.

கல்யாணமான பெண்கள் அஞ்ச வேண்டிய வாக்கியங்களில் இதுதான் முதலாவது. மோனிஷாவுக்கு அது தெரியும். தெரிந்தும் சரி என்றாள், ஏனென்றால் அவன் வருவதாக ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

சில்லறையாக எதையும் வாங்குவது சுரேந்தருக்குக் கௌரவக் குறைச்சல். இரண்டு டிக்கெட் என்பது அவன் காதுக்கு டிக்கெட்டாகவே கேட்கவில்லை. அன்று சாயங்காலமே 'மார்கழி மியூசிக் டூர்' என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் பிறந்தது. சித்தப்பா மகன் திருமூர்த்தி வந்தான், அவன் மனைவி வந்தாள், அவளுடைய தங்கை குடும்பம் வந்தது, காங்கயத்திலிருந்து யாரோ ஒருவர் குட்மார்னிங் போட்டார். வசுமதி யார் என்று அதில் ஒருவர் மட்டும் கேட்டார். மற்றவர்களுக்கு அந்தச் சந்தேகம்கூட வரவில்லை.

"இத்தன பேர் போறம், எல்லாரும் ஒரே மாதிரி டீ சர்ட் போட்டுட்டுப் போனா எப்படியிருக்கும்?" என்று திருமூர்த்தி கேட்டான். மண்ணரையில் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவன் வேறு என்ன கேட்பான். அந்த நிமிடத்தில் கச்சேரி முடிந்துபோயிற்று, டீ சர்ட் தொடங்கியது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக்கூட சுரேந்தர் அப்படி உழைத்ததில்லை. துணியின் கனத்துக்கு ஒரு விவாதம் நடந்தது, கழுத்துப் பட்டைக்கு ஒரு விவாதம் நடந்தது. டையிங்கிலிருந்து சாயம் போட்ட துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து டியூப் லைட்டில் பார்த்தான், மாடிக்குப் போய் வெயிலில் பார்த்தான், கடைசியில் மோனிஷாவைக் கூப்பிட்டு இரண்டை நீட்டினான்.

"இதுல எது கச்சேரிக்குத் தோதா இருக்கும்?"

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது."

"என்ற பொண்டாட்டியா இருந்துட்டு இப்படிப் பேசலாமா? ஷேடு எவ்வளவு தள்ளிக் கெடக்குது பாரு."

"அது கெடக்கட்டுங்க. டிக்கெட்டு என்னாச்சுங்க?"

"டிக்கெட்டுங்கறது பேக்கிங் மாதிரி கண்ணு. எல்லாம் முடிஞ்சப்பறம் கடைசியில பண்றது. தைக்கறதுக்கு முன்னால யாராச்சும் பெட்டியில போடுவாங்களா?"

சாம்பிள் தயாரானதும் அவனுடைய அம்மா சின்னாத்தாள்தான் முதலில் போட்டுப் பார்த்தாள். சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கூடத்தில் முன்னும் பின்னும் திரும்பி நின்றாள். தோள் கொஞ்சம் இறங்குகிறது என்று சுரேந்தர் ஊசி குத்தினான். "கச்சேரி எந்தக் கோயில்ல சாமி?" என்று அவள் கேட்டாள். கோயில் இல்லை என்றதும் சென்னைப் பயணத்தில் அவளுக்கிருந்த அக்கறை தீர்ந்துவிட்டது, டீ சர்ட்டை மட்டும் கழற்றிக் கொடுக்கவில்லை.

டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று காலையில் மோனிஷா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தனித்தனியாப் போட்டுத் தொலைச்சுப் போடாத. எல்லாருக்கும் ஒரே வரிசையா நான் போடறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் சுரேந்தர் கிளம்பியிருந்தான். அவள் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், கட் பண்ணினான். அவன் மண்ணரையில், திருமூர்த்தியின் யூனிட்டில், டீ சர்ட்டின் நெஞ்சை இரண்டு கையாலும் இழுத்து பிரிண்ட் வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிண்ட் வெடிக்கவில்லை. டிக்கெட் தீர்ந்துவிட்டது.

மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது மோனிஷா சமைக்கவில்லை. அழவும் இல்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம், அதுவும் பாதி தன் மேலேயே. போன் கையில்தானே இருந்தது, போட்டிருக்கலாமே.

"எனக்கு டீ சர்ட்டு வேண்டாமுங்க. அந்தம்மா பாடறதைக் கேக்கோணும். அவ்வளவுதான் கேட்டேன்."

"ஆர்டர் கைநழுவிருச்சுன்னா நாம சும்மா உட்ருவமா? இரு, பேசறேன்."

சொன்னபடி பேசினான். அவன் பேச்சில் மட்டும் குறை சொல்ல முடியாது. நண்பருக்கு நண்பர் வழியாகக் கச்சேரி நடத்துகிறவர்களைப் பிடித்தான், சாம்பிளை அனுப்பினான். அவர்களுக்கு அன்றைக்கு அரங்கில் வேலை பார்க்கும் தொண்டர்களுக்கு டீ சர்ட் தேவைப்பட்டது. சுரேந்தர் தைத்துக் கொடுப்பது, திருமூர்த்தி அச்சடித்துக் கொடுப்பது, பதிலுக்கு அவர்கள் மூன்றாவது வரிசையில் இரண்டு பாஸ் தருவது என்று முடிவாயிற்று. குரூப்பில் மற்றவர்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தபோது ஒருவர்கூட வருத்தப்படவில்லை. டீ சர்ட் கைக்கு வந்துவிட்டதல்லவா, அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் வால்பாறை போவதாக முடிவு செய்தார்கள்.

இரண்டு பாஸ் என்றதும் மோனிஷா கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டாள். பாவம், பங்காளி என்று ஒரு வகை மனிதர் இருப்பதை அவள் மறந்துவிட்டாள்.

"திருமூர்த்தி சும்மா அடிச்சுக் குடுத்துருக்கறான். அவனுக்கு ஒண்ணு தராம உட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்? நீ வாலண்டியர் சட்டையப் போட்டுக்க. எங்களையவிட முன்னால நிக்கலாம். யோசிச்சுப் பாத்தா உனக்குத்தான் லாபம்."

"நங்கைக்கு ஸ்மால் சைஸ் எடுத்து வெச்சுட்டனுங்க," என்றான் திருமூர்த்தி, அண்ணன் மனைவிக்காகப் பெரிய தியாகம் செய்தவனைப் போல.

வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். சொல்லியிருந்தால் அவர்கள் இருவரும் நிம்மதியாகப் போயிருப்பார்கள், அவள் வீட்டில் உட்கார்ந்து வயிறெரிந்திருப்பாள். வசுமதிக்காகத்தான் அந்தச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டாள். அதன் முதுகில் 'உதவி வேண்டுமா? என்னைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தது.

அரங்கில், காதில் மைக் மாட்டிய ஒருங்கிணைப்பாளர் பெண் அவளை இடது பக்க நடைபாதையில் மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். சுரேந்தர் சொன்னது பொய்யில்லை, மேடைக்கு அவ்வளவு கிட்டம். ஒரே ஒரு விதி. தொண்டர்கள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

வசுமதி வந்தார். அரங்கமே எழுந்து நின்றது, அத்தனை முகங்களும் மலர்ந்ததை மோனிஷா பார்த்தாள், எதைப் பார்த்து மலர்ந்தன என்பதைத்தான் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அந்தக் குரல் எழும்பியபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். அடுத்த பாட்டில் ஒரு அம்மாள் தண்ணீர் எங்கே என்றாள். மூன்றாவது வரிசையில் திருமூர்த்தி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். சுரேந்தர் தூங்கவில்லை. முன் சீட்டுக்காரரின் காலர் தையலைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தான்.

கடைசிப் பாட்டு என்று வசுமதி சொன்னார். பிறகு தொடங்கினார். காலேஜில் மோனிஷா முதல் பரிசு வாங்கிய பாட்டு.

மோனிஷா திரும்பிவிட்டாள்.

ஒருங்கிணைப்பாளர் பெண் விறுவிறுவென்று வந்து தோளைத் தொட்டாள். "அந்தப் பக்கம் பாருங்க."

"நான் பாட்டுக் கேக்கத்தானுங்க வந்தேன்."

"அப்போ டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கணும். திரும்புங்க, இல்லேன்னா வெளியே போங்க."

சுரேந்தர் எழுந்து வருவதைப் பார்த்ததும் மோனிஷாவுக்கு நெஞ்சு நிறைந்தது. சண்டை போடத்தான் வருகிறான் என்று நம்பினாள். அவன் அந்தப் பெண்ணின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாரிங்க மேடம். புதுசுங்க. இனிமே இந்தக் கம்ப்ளைண்ட் வராம நான் பாத்துக்கறேன்."

தையல் விட்ட பீஸுக்கும் சாயம் போன பீஸுக்கும் அவன் போனில் பையரிடம் இதே வார்த்தைகளைச் சொல்வதைப் பதினோரு வருடமாக அவள் கேட்டிருக்கிறாள். இதே குழைவு, இதே பணிவு. இன்றைக்குப் பீஸ் அவள்தான். அவமானத்தில் காது சுட்டது. அதே வேகத்தில், இனி இந்த மனிதனுக்காக இந்தப் பாட்டில் ஒரு வரிகூட இழக்க முடியாது என்றும் தோன்றியது.

சட்டையைத் தலைவழியாகக் கழற்றி அவன் தோளில் போட்டாள். அவன் கழுத்தில் தொங்கிய பாஸை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க நில்லுங்க. நான் உக்காந்துக்கறேன்."

"இவங்க இடத்துல யாராவது நின்னாகணும்," என்றாள் அந்தப் பெண், அவனைப் பார்த்து. வாடிக்கையாளர் கேட்டு அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஸ்மால் சைஸுக்குள் தலை நுழையாததால் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றான்.

மோனிஷா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வசுமதி கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்துதான் பாடினார், சிரித்தபடி, உள்ளங்கையால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு. இரண்டாவது சரணத்தில் மோனிஷாவும் சேர்ந்து பாடினாள், திருமூர்த்தி திடுக்கிட்டு விழிக்கும் அளவுக்கு. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி நின்ற சுரேந்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.