மேல் ஏரி மீனின் ஈரல்

மீன் அறுப்பதில் அவளை மிஞ்ச அந்த ஆய்வுக்கூடத்தில் ஆள் கிடையாது. செவுள், ஈரல், சிறுநீரகம் என்று எடுத்துத் தனித்தனிப் புட்டியில் போட்டுவிட்டுத்தான் நிமிர்வாள். முலாம் பூசும் ஆலையின் கழிவு கீழ் ஏரியில் விழுகிறது. அங்கே பிடித்த மீன்களின் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஈரல் வெளிறிப்போய், கத்தி பட்டதுமே உதிரும். பார்த்துப் பார்த்து அவளுக்கு அது பழகிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மீன் வேண்டுமென்று டாக்டரம்மா கேட்டபோது அவள்தான் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் மேல் ஏரியில பிடிக்கிறாரு மேடம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்." அந்த ஏரியையே வெட்டியவர் தன் வீட்டுக்காரர்தான் என்பது போல அன்றைக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த மீன்களையும் அவளே அறுத்தாள். அவற்றின் ஈரலும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் வீட்டு அடுக்களையில் வருஷக்கணக்காகப் பார்க்கிற நிறமாயிற்றே, அவள் கண்ணில் எங்கே படும்?

இன்று டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "புட்டிய மாத்திட்டீங்களா? இதுவும் கீழ் ஏரி மீன் மாதிரியே இருக்கே."

"மாத்தல மேடம்."

"அப்ப உலோகச் சோதனை முடிவு சரிதான், அங்கயும் போயிருக்கு. சதையில கம்மிதான். எல்லாம் ஈரல்ல போய்ச் சேந்திருக்கு. நல்லவேளை, ஈரலை யாரு திங்கப் போறா?"

அவள் கத்தியைக் கழுவினாள். கழுவிய கத்தியையே மறுபடி கழுவினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே மீன் வறுத்த வாசனை வந்தது. அவள் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் சமையலை முடித்து, மகளைச் சாப்பிட உட்கார வைத்திருந்தார்.

"மகாராணிக்கு ஈரல் வந்தாச்சு!" என்று தட்டில் வைத்தார். அந்த வீட்டில் ஈரல் எப்போதும் மகளுக்குத்தான். மற்றவர்கள் கேட்கவும் கூடாது.

அவள் குனிந்து மகளின் தட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அது என்னோடது!"

"என்னடி இது, புள்ள வாயிலேர்ந்து பிடுங்குற?" என்று அவர் சிரித்தார்.

"இதுல விஷம் இருக்கு. மேல் ஏரியிலயும் கலந்திருக்காம்."

"விஷமாவது ஒண்ணாவது! பல்லு முளைச்சதுலேர்ந்து அவ இதத்தானே..."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையில் ஈரல் இன்னும் சூடாக இருந்தது. மகள் அதற்காகக் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.