குனிந்தால் கோப்பை, நிமிர்ந்தால் கூலி

கணினி ஆட்டக் குழு நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஆல்போர்க் நகரில் ஐந்து பையன்களை வைத்துத் துப்பாக்கி ஆட்டக் குழு நடத்திய சோல்வையைக் கேட்டால் சொல்வாள். கோப்பை ஜெயித்தால் பணம் கொட்டும் என்பது ஊராரின் நினைப்பு. பரிசுப் பணம் ஆடி அசைந்து வந்து சேர அரை வருஷம் ஆகும். வந்த பிறகு வரிக்கும் பயணச் செலவுக்கும் போனது போக மிச்சம் காபிக்குத்தான் காணும். பையன்களின் சம்பளமும் பயிற்சி அறையின் வாடகையும் வந்தது ராக்னில் அம்மாளின் மெத்தைக் கடையிலிருந்து. பதிலுக்குச் சட்டையின் நெஞ்சில் கடையின் பெயர் இருக்கும். அவ்வளவுதான் வியாபாரம்.

வில்லங்கம் எஸ்கிலின் முதுகில் இருந்தது. குழுவின் சிங்கமே அவன்தான். ஆனால் ஆட உட்கார்ந்தால் திரைக்குள்ளேயே புகுந்துவிடுகிறவன் மாதிரி குனிந்துவிடுவான். அப்படிக் குனிந்தால்தான் அவன் குறி தப்பாது. கேமராவில் அவனுடைய உச்சந்தலை தெரியும், மெத்தைக் கடை தெரியாது. ஒப்பந்தமோ அந்த மாதத்தோடு முடிகிறது.

கோபன்ஹேகனில் இறுதி ஆட்டம். அன்று காலை ராக்னில் அம்மாள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா சோல்வை, நான் காசு குடுத்தது நெஞ்சுக்கா, அந்தப் பையனோட பொடுகுக்கா? இன்னிக்கும் கடை பேரு தெரியலைன்னா அடுத்த வருஷம் என்னை எதிர்பார்க்காத."

சோல்வை கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். சொன்னால் பையனின் ஆட்டம் கெடும், சொல்லாவிட்டால் ஐந்து பேரின் பிழைப்பு கெடும். நாலு வருஷமாகப் பின்னால் நின்று பார்த்த முதுகு அது. அதன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். போனால் போகட்டும், பிள்ளை ஜெயிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ராக்னில் அம்மாள் சும்மா இருப்பவளா? ஆட்டம் தொடங்குமுன் குழுவின் இணையப் பக்கத்தில், ஊரே பார்க்க எழுதிவிட்டாள்: "நிமிர்ந்து உக்காருடா கண்ணா, என் கடையை மறைக்காதே!"

எஸ்கில் படித்தான், சிரித்தான். மேடையேறி, கல்யாணப் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவனைப்போல விறைப்பாக நிமிர்ந்துகொண்டான். மெத்தைக் கடை பளிச்சென்று தெரிந்தது. அவன் குறி மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. இடைவேளையில் சோல்வை ஓடிப்போய், "குனிடா!" என்றாள். காது கேளாதவன் மாதிரி இருந்துவிட்டான். மயிரிழையில் தோற்றார்கள்.

ஓய்வறைக்குள் நுழைந்ததும் சோல்வை வெடித்தாள். "யாருடா உன்னை நிமிரச் சொன்னது? அந்தம்மா சொன்னா கேட்டுருவியா?"

"கத்தாதீங்கக்கா. கோப்பை போனா ரெண்டு நாள் அழுவோம். கடை போனா என்ன பண்றது? யெப்பேக்கு அடுத்த மாசம் குழந்தை பொறக்குது. வாடகைக்கு எங்க போவான்?"

குழுவின் ஐவரில் ஒருவனான யெப்பே தோல்வி தாங்காமல் சுவரைப் பார்த்து நின்றிருந்தவன், திரும்பினான். "மடையா, ஜெயிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல," என்று எஸ்கிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அப்போது சோல்வையின் தொலைபேசியில் ராக்னில் அம்மாள் அழைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"பேரு நல்லாத் தெரிஞ்சுது. அடுத்த வருஷமும் தர்றேன். ஆனா அந்தப் புள்ளை இனிமே குனிஞ்சே ஆடட்டும்மா. எனக்காக நிமிர்ந்து உக்காந்து தோத்துச்சே, என்னால பார்க்கவே முடியல."

சோல்வைக்கும் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். எஸ்கில் அவள் முழங்கையைச் சுரண்டி, காதோடு சொன்னான்:

"அந்தம்மா கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள அதை எழுதி வாங்கிருங்கக்கா."